ஒரே கிராமம், இரண்டு பார்வை!

மும்பை தாராவியில் ஞாயிற்றுக்கிழமை மாலை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு விவாதம் காதில் விழாமல் போகாது. "ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா?" என்பதுதான் அது.

அப்படி விவாதிக்கும் இரண்டு நண்பர்கள். நெல்லைச் சீமையில் ஒரே கிராமத்தில் பிறந்தவர்கள். மும்பையில் ஒரே கம்பெனியில் குமாஸ்தாக்கள்.

"குளத்துத் தண்ணீர், கோவில் கொடை, வேப்பமர நிழல்! அந்த நிம்மதி இங்கே ஏது அண்ணாச்சி? ரிட்டையர் ஆனதும் ஊரில்தான் வீடு கட்டப்போகிறேன்" என்பார் ஒருவர்.

"அந்தக் குளத்தில் நீங்கள் குளித்த துறையில் என்னை இறங்க விட்டார்களா, அண்ணாச்சி? என் பேரனை அந்த ஊரில் வளர்க்க மாட்டேன்" என்பார் மற்றவர்.

முதலாமவர் ஊருக்குள் பிறந்தவர். இரண்டாமவர் ஊருக்கு வெளியே, காலனியில் பிறந்தவர். மும்பையில் ஒருவரை ஒருவர் 'அண்ணாச்சி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஊரில் அப்படி அழைத்தது கிடையாது.

இரண்டு பேரில் பொய் சொல்வது யார்? யாரும் இல்லை. அவரவர் கண்ட ஊரை அவரவர் சொல்கிறார்கள். இதே விவாதம் நாட்டின் பெருந்தலைவர்களிடையேயும் நடந்திருக்கிறது.

காந்திஜியின் கனவு

1909ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் இருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பியபோது காந்திஜி 'ஹிந்த் ஸ்வராஜ்' என்ற சிறு நூலை எழுதினார். அதில் ரெயிலைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நோயையும் பஞ்சத்தையும் அது பரப்புகிறது என்று குற்றம் சாட்டினார்.

36 ஆண்டுகள் கழித்து, 1945 அக்டோபர் 5ந் தேதி நேருஜிக்கு எழுதிய கடிதத்திலும் தன் கருத்தில் உறுதியாக நின்றார். மக்கள் கிராமங்களில்தான் வாழ வேண்டும் என்றார். ஆனால் தான் சொல்வது இன்றுள்ள கிராமம் அல்ல, தன் மனதில் உள்ள கிராமம் என்பதையும் மறைக்கவில்லை. அந்தக் கிராமத்தில் ரெயிலும் தபாலும் இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்!

நான்காம் நாளே நேருஜி பதில் எழுதினார். கிராமம் அறிவிலும் பண்பாட்டிலும் பின்தங்கியது, அங்கிருந்து முன்னேற்றம் வராது என்பது அவர் எண்ணம்.

ஸ்டேஷனில் நின்ற சிறுவன்

டாக்டர் அம்பேத்காரின் மறுப்பு இன்னும் ஆழமானது. அதன் வேர் இளமையிலேயே ஊன்றியது.

1901ஆம் ஆண்டு வாக்கில், தந்தையைப் பார்ப்பதற்காகச் சிறுவன் அம்பேத்கார், அண்ணனோடும் உறவுச் சிறுவர்களோடும் சதாராவில் இருந்து புறப்பட்டார். மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அழைத்துப்போக ஆள் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். மகார் சாதி என்று கேட்டதும் அவர் முகம் மாறியது.

மாட்டு வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவர் சம்மதித்தார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார் என்று ஏற்பாடு! அன்று இரவு முழுவதும் வழியில் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ரெயில் ஏற்றிக்கொண்டது. ஊர் வழிதான் ஒதுக்கியது. அந்தச் சிறுவன் வளர்ந்து கிராமத்தைச் சொர்க்கம் என்று எப்படிச் சொல்வார்?

1948 நவம்பர் 4ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் சட்ட நகலைத் தாக்கல் செய்தபோது, கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்பு வெறியும் குடியிருக்கும் இடம் என்று கடுமையாகச் சாடினார். கிராமத்தை விட்டுத் தனி மனிதனை அடிப்படையாகக் கொண்டதற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். பதில் சொல்லக் காந்திஜி அப்போது உயிரோடு இல்லை.

எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தார் காந்திஜி. எப்படி இருக்கிறது என்று பார்த்தார் அம்பேத்கார். மனம் மாறினால் ஊர் மாறும் என்று நம்பினார் ஒருவர். சட்டம் வந்தால்தான் மாறும் என்றார் மற்றவர்.

ஏற்றுக்கொண்ட திருத்தம்

சபையில் பல உறுப்பினர்கள் கொதித்தார்கள். நவம்பர் 22ந் தேதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த கே.சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துக்களை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது திருத்தம். அம்பேத்கார் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் அரசியல் சட்டத்தின் 40வது பிரிவு.

1993 ஏப்ரல் 24ந் தேதி நடைமுறைக்கு வந்த 73வது திருத்தம் பஞ்சாயத்துத் தேர்தலைக் கட்டாயமாக்கியது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் கிடைத்தது. பஞ்சாயத்து காந்திஜியின் ஆசை. ஒதுக்கீடு அம்பேத்கார் வழி. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்தன.

சட்டம் வந்ததும் ஊர் மாறிவிடவில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால் 10 ஆண்டுகள் எதிர்ப்பு நீடித்தது. 2006ஆம் ஆண்டுதான் தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

தாராவி நண்பர்கள் கதைக்கு வருவோம். 2021 அக்டோபரில் நெல்லை மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. காலனிக்காரரின் மதினி வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றார். துக்கத்துக்கு மட்டுமே ஊருக்குப் போகிறவர், அந்த முறை லீவு போட்டுக்கொண்டு ரெயில் ஏறினார். நண்பரும் உடன் போனார். அந்த அம்மாள் ஜெயித்தார்.

விவாதம் முடிந்ததா? இல்லை. இப்போதும் ஒருவர் வீடு கட்டக் காசு சேர்க்கிறார். மற்றவர் பேரனை மும்பையிலேயே படிக்க வைக்கிறார். ஆனால் குளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலாமவர் முன்போல அடித்துப் பேசுவதில்லை.

"உங்கள் துறை எந்தப் பக்கம் இருந்தது, அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டார். 40 ஆண்டுப் பழக்கத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.