ஆட்சித் துணையும் உழைப்பாளர் துணையும்

உழைப்பாளரின் பெயரால் வளர்ந்த கட்சி, அவ்வுழைப்பாளர் வெறுக்கும் அரசுக்குத் தோள் கொடுப்பின் யாது விளையும்? மாமல்லபுரத்துக் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கை இதற்கு விடை கூறுகின்றது. தறியும் ஏரும் நம்பி வாழும் நாம் அதனை அறிதல் நலம்.

1935-இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி தொழிற்சங்கங்களில் வேரூன்றி வளர்ந்தது. 1948-இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்தது. 1953-இல் பங்கீட்டரிசி கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்டு 12-ஆம் நாள் நாடெங்கும் கடையடைப்பை நடத்திய இடதுசாரிகளில் முன்னின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டே பதவி விலகினார்.

1963-இல் தொழிற்சங்கங்கள் 21 கோரிக்கைகளை முன்வைத்து ஒன்றுபட்டன. 1964 ஜூனில் இக்கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தது. அதன் தலைவர் என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். ஒன்றுபட்ட இயக்கம் சிதைந்தது. அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. 1948-இல் அம்மக்களுக்காகப் பேசிய கட்சி அப்போது ஆளும் தரப்பில் அமர்ந்திருந்தது.

1970-இல் ஐக்கிய முன்னணியில் போட்டியிட்டு 19 இடங்களைப் பெற்று, கட்சி மீண்டும் ஆட்சியில் பங்கேற்றது. அவ்வரசால் நன்மையே இல்லையென்று கூறுதல் நேர்மையன்று. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட உழவர் பயனடைந்தனர். ஆயினும் 1972-இல் வங்கி ஊழியர் நெடுநாள் வேலைநிறுத்தம் செய்தபோது, எதிர்ப்புறம் நின்றவர் அதே நிதியமைச்சர் பெரேரா. 1973-இல் பங்கீட்டரிசி குறைந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அன்று தோட்டத்துறை அமைச்சராயிருந்தவர் அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா.

சங்கத் தலைவரே அமைச்சருமானால், தொழிலாளி தன் குறையை யாரிடம் முறையிடுவான்? கட்சி அரசைவிட்டுத் தானே வெளியேறியதுமில்லை. 1975 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டது. 1977 ஜூலைத் தேர்தலில் அதற்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. தலைவர் யாவரும் தோற்றனர்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 1975-இல் பிறந்த நெருக்கடிநிலையை இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆதரித்தது. அவ்வாண்டே குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மக்களவையில் 1971-இல் 23 இடங்களைப் பெற்றிருந்த கட்சி, 1977-இல் 7 இடங்களையே பெற்றது. தான் ஆதரித்தது தவறென 1978-இல் பட்டிண்டா மாநாட்டில் அக்கட்சியே ஒப்புக்கொண்டது.

ஆட்சியோடு உறவே கூடாது என்பதன்று இதன் பொருள். நூலுக்கும் கடனுக்கும் அரசை நாடாத கூட்டுறவுச் சங்கம் ஏது? உறவு கொள்ளும் முன்பே, எந்த எல்லையைத் தாண்டினால் விலகுவோம் என்பதை உறுப்பினரறிய வகுத்துக்கொள்ளல் வேண்டும். நெசவாளர் கூலியும் உழவர் விலையும் குறையும் நாளில், நம் இயக்குநர் அதிகாரிகளுக்குச் சமாதானம் சொல்வோராயின்றி, நம் பொருட்டு மறுத்துரைப்போராய் இருத்தல் வேண்டும். அவ்வுறுதியைப் பொதுப்பேரவையில் கேட்டுப் பெறுவது நம் கடமை.