தோல் மடலின் நுனி

புகையிலையோடு வெற்றிலை மென்று வாயில் புற்று வந்தவரின் கன்னத்தை வெட்டியெடுக்க நேர்ந்தால், அந்த இடத்தை மூடச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்பிலிருந்தோ நெற்றியிலிருந்தோ ஒரு தோல் மடலைத் திருப்பிக் கொண்டுவருவார். மடலின் ஒரு பக்கத்துக் காம்பு அறுபடாமல் இருக்கும். ஒட்டிய இடத்தில் புதுக் குழாய்கள் ஊடுருவும்வரை காம்புவழி வரும் குருதியே அதற்கு உயிர்.

அதனால் காம்புக்குத் தொலைவான நுனிதான் முதலில் வாடும். வாட்டில் தாதி அதை விரலால் அழுத்திப் பார்ப்பார். வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடிக்குள் சிவந்தால் நிம்மதி. வெளுத்தபடியே கிடந்தால் நாடிக் குருதி வந்து சேரவில்லை. நீலம் பாரித்து, அழுத்தி எடுத்ததுமே நிறம் திரும்பினால் நாளத்தில் தேக்கம். எதுவானாலும் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும்.

குருதி குறைந்த இழையம் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களைத் தானே சுரந்து புதிய மயிர்க்குழாய்களை முளைக்கவைக்கும். அவற்றில் முக்கியமானது வீஈஜீஎப். எலிகளின் முதுகில் மடல் எழுப்பி இதை ஏற்றிய ஆய்வுகளில் நுனி கருகுவது குறைந்தது. மனிதரில் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. புதுக் குழாய் முளைக்க நாட்கள் பிடிக்கும். புற்றும் இதே புரதத்தால்தான் தனக்குக் குருதிக்குழாய் வளர்த்துக்கொள்கிறது. அதைத் தடுக்கவே பெவாசிசுமாப் என்ற மருந்து இருக்கிறது. புற்று நோயாளியின் மடலில் வீஈஜீஎப்பையே ஏற்ற யார் துணிவார்?

மடல் ஒட்ட உணவும் வேண்டும். அந்தக் கதை திருகோணமலையைத் தொட்டு வருகிறது. 1794இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 'சஃபொக்' போர்க்கப்பல், மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தபடியே, வழியில் எங்கும் கரை தொடாமல் சென்னை வந்தது. விற்றமின் சி குறைவால் வரும் ஸ்கேர்வி நோய் யாரையும் கொல்லவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில், ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடிக்க ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ரெய்னியர் வந்ததும் அதே கப்பலில்தான். ஸ்கேர்வி முற்றினால் ஆறிப்போன பழைய தழும்பும் பிளக்கும். தழும்பைப் பிடித்து நிறுத்தும் கொலாஜனை உடல் ஓயாமல் புதுப்பிக்க விற்றமின் சி வேண்டும். மடலின் தையல் ஓரமும் அதே கொலாஜனால்தான் ஒட்டுகிறது.

ஆனால் விற்றமின் சி குறைவாக இருப்பவருக்கே அதன் குளிசையால் பெரும் பலன். வாய் நோவால் நன்றாகச் சாப்பிட முடியாமல் மெலிந்தவருக்குப் புரதம், நாகம், விற்றமின் சி மூன்றுமே குறைந்திருக்கலாம். அவருக்குச் சாளைமீன், முட்டை, பருப்பு, கொய்யா, தேசிக்காய் என்று விழுங்கக்கூடிய பதத்தில் கொடுப்பது முதல் வேலை. முடியாவிட்டால் குழாய்வழி ஊட்டுவார்கள். கடையில் வாங்கும் மீனெண்ணெய், உள்ளி, விற்றமின் ஈ குளிசைகள் குருதிக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், எடுப்பவர்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். சிகரெட், சுருட்டு, மெல்லும் புகையிலை எல்லாவற்றையும் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடவேண்டும்: நிக்கொட்டின் சுருக்குவது நுனிக்குக் குருதி கொண்டுபோகும் அந்தச் சின்னஞ்சிறு நாடிகளைத்தான்.