ஓடு பார்த்த காலம், உயிர் பார்க்கும் காலம்

மாகறல் என்றால் முதலில் பேச்சில் வருவது உடும்புதான். ராஜேந்திர சோழன் துரத்திய பொன் உடும்பு புற்றுக்குள் புகுந்தது, அதன் வால் வடிவில் திருமாகறலீஸ்வரர் வெளிப்பட்டார் என்பது தலவரலாறு. சம்பந்தர் பாடிய கோயில். ஊர்ந்து போகும் ஓர் உயிருக்கு இவ்வளவு மரியாதை செய்த ஊரில், செய்யாற்றிலும் வயல் வாய்க்காலிலும் ஊரும் நத்தைகளின் பெயரை யாரும் கேட்பதில்லை. சின்னதோ பெரியதோ, எல்லாம் நத்தை.

பெயர் சூட்டும் வேலை 250 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1774-இல் டென்மார்க்கின் ஓட்டோ பிரெடரிக் முல்லர், ஊசிபோல் நீண்ட ஒரு நத்தைக்கு 'டியூபர்குலேட்டா' என்று பெயரிட்டு, கிடைத்த இடம் சோழமண்டலக் கரை என்று குறித்தார். தரங்கம்பாடி அப்போது டேனியர் வசம். நம் கரையின் சங்கும் கிளிஞ்சலும் கப்பலேறிக் கோபன்ஹேகன் போய்க்கொண்டிருந்த காலம். இன்று மீன்தொட்டிக்காரர்கள் மலேசிய நத்தை என்று வாங்குவது இதே நத்தையைத்தான். பிறந்த ஊர்ப்பெயர் கூட அதற்கு மிஞ்சவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அன்று ஓடு இருந்தால் போதும். சுருள் எத்தனை, வாய் எவ்வளவு அகலம், மேலே வரியா முடிச்சா என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். 1915-இல் வந்த பிரெஸ்டனின் 'பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள்' நன்னீர் நத்தைத் தொகுதியும் பெரும்பாலும் ஓட்டை நம்பியதே. ஓடோ தண்ணீருக்கேற்ப மாறும். ஒரே இனம் தேங்கிய குட்டையில் ஒரு மாதிரியும் ஓடும் வாய்க்காலில் வேறு மாதிரியும் வளரும். அதனால் ஒன்றுக்கே பல பெயர்கள் சேர்ந்தன. 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைத் தொடங்கிய அன்னண்டேலும், அவருடன் உழைத்த பைனி பிரசாத்தும் ஓட்டுக்குள் இருக்கும் உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள்.

அவர்கள் சொன்னதன் அருமை, வயலில் பொறுக்கிக் குழம்பு வைக்கிற பெரிய நத்தையைக் கையில் எடுத்தாலே விளங்கும். 'பைலா' என்பது அதன் பேரினம். தொட்டதும் உடம்பை இழுத்துக்கொண்டு கல்போன்ற மூடியால் வாயை அடைத்துவிடும். தண்ணீரில் மூச்சுவிடச் செவுள், வெளிக்காற்றுக்கு நுரையீரல் என இரண்டும் உண்டு. ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மூடியைச் சாத்திக்கொண்டு அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். வெறும் ஓட்டில் இதில் ஒன்றும் தெரியாது.

இன்று காலின் ஒரு துணுக்குத் தசையைச் சாராயத்தில் போட்டு மரபணுவைப் படிக்கிறார்கள். குட்டி போடும் நம் 'பெல்லாமியா' நத்தைகள் ஆப்பிரிக்க பெல்லாமியாவிலிருந்து வேறானவை என்று தெரிந்து அவற்றின் பேரினப் பெயரே மாறிவிட்டது. தட்டையாகச் சுருண்ட 'இண்டோபிளானார்பிஸ்' இன்னும் முக்கியம். 1933-இல் சென்னை மாகாணத்தில் ராவ் விவரித்த, மாட்டின் மூக்கில் குடியேறிக் குறட்டை போல் மூச்சிரைக்க வைக்கும் ஒட்டுண்ணிப் புழுவைப் பரப்புவது இதுதான். 1834-இலிருந்து ஒரே இனமாகக் கருதப்பட்ட இதற்குள் தனித்தனி மரபுக் கிளைகள் இருப்பது இப்போது வெளிப்பட்டிருக்கிறது. எந்தக் கிளை புழுவைச் சுமக்கிறது என்பது மாடு வைத்திருப்பவருக்கு வெறும் பெயர்ச் சண்டை அல்ல.

முல்லரின் நத்தைக்கும் இதே சிக்கல் உண்டு. ஆண் இல்லாமலே குட்டி ஈனும் அந்த நத்தை, ஒரு தாய் போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் பெருகி உலகம் சுற்றிவிட்டது. அந்தப் பெயருக்குள் பல கிளைகள் கலந்துகிடக்கின்றன. அசல் எது என்று தீர்க்க, பெயர் பிறந்த கரையின் உயிருள்ள நத்தைகள் வேண்டும். செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து அந்தக் கரையில்தான் கடலைச் சேர்கிறது. மாகறலில் எடுக்கும் ஒரு நத்தைக்கு இடம், தேதி, தண்ணீரின் தன்மை எழுதிய சீட்டோடு ஒரு துணுக்குத் தசையும் பத்திரமாக இருந்தால், முல்லர் 'சோழமண்டலம்' என்ற ஒற்றைச் சொல்லோடு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.