எழுதி ஆறும் துயர்

துன்பத்தை ஒருவரிடம் சொல்லி அழுதால் நெஞ்சச் சுமை குறையும் என்பது நம் பாட்டிமார் அறிந்த உண்மை. சொல்வதற்கு ஆள் இல்லாதபோதும், நாணமோ அச்சமோ வாயை அடைக்கும்போதும், தாளும் எழுதுகோலும் அந்த ஆளாக அமையக்கூடுமா? இவ்வினாவை ஆய்வுக்கு உட்படுத்தியவர் அமெரிக்க உளநூற் பேராசிரியர் ஜேம்ஸ் பென்னிபேக்கர்.

டெக்சஸ் மாநிலத்துச் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக் கழகத்தில் 46 மாணவரைக் கொண்டு அவரும் சாண்ட்ரா பீல் என்பாரும் நடத்திய ஆய்வு 1986ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதவேண்டும், அவ்வளவே. ஒரு சாரார் தம் அறை, காலணி போன்ற எளிய பொருள்களைப் பற்றி எழுதினர். ஏனையோர் தம் வாழ்வில் நேர்ந்த பெருந்துன்பத்தை எழுதினர். அவருள்ளும் சிலர் நிகழ்ச்சியை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதுமாறு பணிக்கப்பெற்றனர். துன்பத்தை எழுதியவர்க்கு எழுதி முடித்தவுடன் மனக்கலக்கம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. ஆயினும் அடுத்த ஆறு திங்களில், நிகழ்ச்சியும் உணர்ச்சியும் சேர எழுதியவர்கள் பல்கலைக் கழக மருத்துவ நிலையத்தை நாடியது மற்றவரினும் குறைந்திருந்தது.

தமிழாசிரியர் ஊன்றி நோக்கவேண்டியது இந்தச் சேர்க்கையையே. வெறும் புலம்பல் போதவில்லை. வெறும் செய்தியும் போதவில்லை. பின்னாளில் இத்தகைய எழுத்துகளின் சொற்களை எண்ணிப் பார்த்தனர். நாள் செல்லச் செல்லக் காரணத்தையும் தெளிவையும் காட்டும் சொற்கள் யாரிடம் பெருகினவோ, அவரே மிகுந்த பயன் பெற்றவராய் இருந்தனர். தொடக்கத்திலேயே கோவையான கதையாக எழுதியவர்க்குப் பயன் அவ்வளவாக இல்லை. கட்டுரைப் போட்டிகளில் பரிசளித்துப் பழகிய நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும். சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தும் உழைப்பில்தான் மருந்து இருக்கிறது போலும்.

இவ்வுழைப்பு நம் முன்னோர் அறியாததன்று. மாண்டவரை எண்ணி எஞ்சியோர் வருந்திப் பாடுவதைத் தொல்காப்பியர் காஞ்சித் திணையில் வைத்துக் 'கையறுநிலை' எனப் பெயரிட்டார். செயலற்றுப் போன நிலை என்பது பொருள். செயலற்றவர்க்கும் பாட்டு மட்டும் எஞ்சியிருந்தது. புறநானூற்றில் பாரியை இழந்த மகளிர் தந்தை இருந்த திங்களையும் இல்லாத திங்களையும் எதிரெதிரே நிறுத்துகின்றனர். கபிலர் பறம்பு மலையின் அன்றைய வளத்தையும் இன்றைய பாழையும் அவ்வாறே காட்டுகிறார். கண்ணீர் உண்டு, என்ன நேர்ந்தது என்ற செய்தியும் உண்டு. அக்காலப் புலவர் உடல்நலம் கருதிப் பாடினர் என்று சொல்ல யாம் துணியோம். ஆயினும் அப்பாடல்களின் அமைப்பு மேற்கூறிய ஆய்வு முடிவோடு ஒத்திருப்பது எண்ணத்தக்கது.

நோயாளரிடத்தும் இம்முறை பார்க்கப்பட்டது. ஜோசுவா ஸ்மித் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஈளையும் முடக்குவாதமும் உடைய 112 பேர் மூன்று நாள் 20 நிமிடம் எழுதினர். நான்கு திங்களுக்குப் பின், துன்பத்தை எழுதியவருள் நூற்றுக்கு 47 பேரும், பிற பொருளை எழுதியவருள் 24 பேரும் நலமுற்றிருந்தனர். வழக்கமான மருத்துவத்தை அவர்கள் கைவிடவில்லை என்பதை மறத்தலாகாது. 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த ஒரு கணிப்பு, பயன் உண்டு, ஆனால் அது சிறிது என்கிறது. எழுத்து எல்லா நோய்க்கும் மருந்து எனப் பறைசாற்றுவோரை நம்பவேண்டா.

பிறர் துயரை ஆற்றும் எழுத்து வேறு வகையினது. 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். மீண்டு வந்தோர் பலர் வீட்டாரிடமும் வாய்திறவாதிருந்தனர். பல்லாண்டு கழித்து ஆர். சண்முகம், அ. ரங்கசாமி போன்ற மலேசிய எழுத்தாளர் அதனை நாவலாக்கியபோது, தந்தையோ பாட்டனோ சொல்லாது விட்டதைப் பிள்ளைகள் படித்தறிய வாய்த்தது. தம் குடும்பத்திற்கு மட்டும் நேர்ந்ததாக எண்ணியிருந்த துயரம் ஓர் இனத்தின் வரலாறு என அவர்க்கு அப்போது விளங்கியிருக்கும்.

வகுப்பறையில் இதனைக் கையாள விரும்பும் ஆசிரியர் சிலவற்றைக் கருதவேண்டும். துன்பத்தை எழுதுக என்று எவரையும் வற்புறுத்தலாகாது. இழப்பு நேர்ந்த அன்றே எழுதச் சொல்லவும் வேண்டா. எழுதும்போது தாங்கமுடியாக் கலக்கம் வருமானால் உடனே நிறுத்திவிட்டு வேறொன்றை எழுதலாம் என்பது பென்னிபேக்கரே கூறும் விதி. கலக்கம் நீடிக்குமானால் மருத்துவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ அனுப்புதல் ஆசிரியர் கடன். எழுதிய தாளைக் காட்டுவதும் கிழித்தெறிவதும் எழுதியவர் விருப்பம். தாயை இழந்த சிறுவன் அத்தாளை நம் கையில் தருவானாகில், அதில் விடுபட்ட ஒற்றுகளைச் சிவப்பு மையால் வளைக்கவேண்டா. வல்லினம் மிகும் இடங்களை வேறொரு பயிற்சியில் கற்பித்துக்கொள்ளலாம்.