உலர் வலய மேட்டுநிலங்களைத் திட்டமிட்டுப் பயன்படுத்தல்

கமக்காரரின் காணிக்கு வேலி உண்டு. மழைநீருக்கு வேலி இல்லை. மேட்டில் விழும் மழை பள்ளத்தை நோக்கி ஓடும்போது மண்ணையும் கொண்டு செல்கிறது. அம்மண் ஈற்றிற் குளத்திற் படிகிறது. ஆகவே, மேட்டுநிலம் வளமிழத்தலும் குளம் தூர்தலும் இருவேறு கேடுகள் அல்ல. நிலத்தை அதன் சரிவுக்கும் மண்ணுக்கும் ஏற்ப வகுத்து, ஒவ்வொரு பகுதியையும் தக்கவாறு பயன்படுத்தினால் இவ்விரண்டையும் ஒருங்கே தடுக்கலாம்.

மண் இழக்கப்படும் விதம்

வவுனியா, அநுராதபுரம் முதலிய மாவட்டங்களின் மேட்டுநிலங்களிற் பெரும்பாலும் காணப்படுவது செங்கபில மண்ணாகும். இது காய்ந்தால் இறுகும், நனைந்தால் ஒட்டும். கோடையில் வெறுமையாய்க் கிடந்த இம்மண்ணின்மீது ஐப்பசிப் பெருமழை விழும்போது, துளிகள் மண்கட்டிகளை உடைத்து மேற்பரப்பை அடைத்துவிடுகின்றன. நீர் உட்புகாது மேலே ஓடுகிறது.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் மண் கழுவுண்டால், அது ஏறக்குறைய 4 கன மீற்றராகும்; நிறையில் 5 தொன்னுக்கு மேற்படும். கண்ணுக்குப் புலப்படாத இவ்விழப்பு ஆண்டுதோறும் தொடரின், மேன்மண் நீங்கிக் கீழுள்ள பரல் வெளிப்படும். அந்நிலையிற் பசளை இட்டாலும் முழுப் பயன் கிட்டாது.

முற்காலச் சேனைச் செய்கையில், நிலம் ஓரிரு போகம் பயிரிடப்பட்டபின் பல ஆண்டுகள் காடாக விடப்பட்டது. அவ்வோய்வில் மண் மீண்டும் வளம் பெற்றது. இன்று பல இடங்களில் அத்தகைய நிலம் ஆண்டுதோறும் உழப்படுகிறது. ஓய்வு அளித்த நன்மையை வேறு வழிகளால் ஈடுசெய்தல் இன்றியமையாதது.

நிலத்தை வகுத்தல்

1. உச்சிப் பகுதி: மண் ஆழமற்றுப் பரல் மிகுந்த இடத்தைக் காடாக விடுக, அல்லது வேம்பு, மரமுந்திரிகை முதலிய மரங்களை நடுக.

2. சரிவு: நன்கு நீர்வடியும் செங்கபில மண்ணில் உளுந்து, பயறு, எள், சோளம், நிலக்கடலை ஆகியன தகும். உழவும் விதைப்பும் சரிவுக்குக் குறுக்கே நடைபெற வேண்டும். சம உயரக் கோட்டில் வரம்பு கட்டி, அதன்மீது கிளிரிசிடியா அல்லது வெட்டிவேர் நடுதல் வேண்டும். சரிவு கூடக்கூட வரம்புகள் நெருங்கி அமைதல் வேண்டும்.

3. சரிவின் அடி: இங்கு நீர்வடிப்புக் குறைவு. காலபோகத்தில் நெல்லும், நீர் வசதியைப் பொறுத்துச் சிறுபோகத்தில் மிளகாய், வெங்காயம் போன்றனவும் பயிரிடலாம்.

4. பள்ளம்: நீர் தேங்கும் இம்மண் நெல்லுக்கே உரியது.

குளத்தின் அலைகரையை உழுதல் கூடாது. பழைய குளக்கிராமங்களில் நீர்ப்பரப்பின் மேற்பக்கத்தில் மரச்சோலையும், மண்ணை வடிகட்டும் புற்றரையும், கட்டின் கீழே உப்பைத் தடுக்கும் மரத்தொகுதியும் ஒதுக்கப்பட்டிருந்தன. சிங்களத்தில் இவை முறையே கஸ்கொம்மன, பெரஹன, கட்டகடுவ எனப்படும். இவற்றை அழித்துப் பெறும் சில பரப்பு விளைச்சல், தூர்ந்த குளத்தால் வயல்கள் இழக்கும் நீருக்கு ஈடாகாது.

சம உயரக் கோட்டை அறிதல்

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஏறக்குறைய 2 மீற்றர் நீளமான இரு தடிகளை நுனியிற் கட்டி, கால்களை அகட்டி, நடுவே குறுக்குத்தடி பிணைக்க வேண்டும். உச்சியிலிருந்து நூலிற் கல்லொன்றைத் தொங்கவிடுக. இரு முளைகளின்மீது கால்களை வைத்து, நூல் படும் இடத்தைக் குறுக்குத்தடியிற் குறிக்க. பின் கால்களை இடம் மாற்றி மீண்டும் குறிக்க. இரு குறிகளின் நடுவே மட்டமாகும். நூல் அந்நடுவில் நிற்குமாறு சட்டத்தைச் சரிவின் குறுக்கே நகர்த்தி, கால் பதியும் இடந்தோறும் முளை அடித்துச் செல்க. அம்முளைகளின் வரிசையே சம உயரக் கோடாகும்.

கெட்ட நிலத்தை மீட்டல்

மண் இழந்த நிலத்தை ஒரே போகத்தில் மீட்க இயலாது. முதலில் ஓடும் நீரைத் தடுக்க வேண்டும். அதன் பின்னரே பசளை பயன் தரும். வேலிமரங்களின் தழையை வெட்டி நிலத்தில் மூடுபடையாகப் பரப்புக. அறுவடைக்குப் பின் தாளை எரிக்காது விடுக. அவரையினப் பயிர்களைச் சோளம், குரக்கன் ஆகியவற்றுடன் மாற்றி மாற்றிப் பயிரிடுக. ஆழமாய் அரிக்கப்பட்ட ஓடைகளிற் குறுக்கே கற்களை அடுக்கிப் புல் நடுக.

வரம்பும் வேலிமரமும் நிலத்தில் ஒரு பங்கைக் கொள்ளும். முதலாண்டில் விளைச்சல் கூடாமலும் இருக்கலாம். ஒரே போகத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறு சுமையன்று. ஆகவே, காணி முழுவதையும் ஒரே முறையில் மாற்றாது, ஆண்டுக்கு ஒரு பகுதியாக மாற்றுதல் நன்று.

அயலவரும் உடன்படுதல்

மேற்காணியிலிருந்து கட்டின்றி நீர் பாயுமாயின், கீழ்க்காணியின் வரம்பு ஒரே மழையில் உடையும். எனவே, வேலையை மேட்டிலிருந்து தொடங்கி, மிகைநீருக்குப் புல் வளர்ந்த வடிகாலைப் பொதுவாக ஒதுக்குதல் வேண்டும். 1951 ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் 1996 இல் திருத்தப்பட்டது. ஆயினும் ஒரு குளத்தின் நீரேந்து பரப்பைக் காக்கச் சட்டம் மட்டும் போதாது. அங்குள்ள கமக்காரரின் இணக்கமும் வேண்டும். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் காணிகளின் வரைபடத்தை வைத்து, நீர் ஓடும் வழிகளை முதலிற் குறித்துக்கொள்க. பிரதேச விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையையும் பெறுக. ஆவணி, புரட்டாதி மாதங்களில் வரம்புகளைக் கட்டி முடித்தால், ஐப்பசி மழை பெய்யும்போது மண் காணியிலேயே தங்கும்.