வானலையும் நிலத்தின் மேடுபள்ளமும்

இங்கிலாந்தின் வடபகுதியில், வட யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் பில்ஸ்டேல் என்றோர் இடம் உண்டு. குறும்புதர் மண்டிய அம்மேட்டின்மேல் 314 மீட்டர் உயரமுள்ள எஃகுக் கம்பம் ஒன்று 1969ஆம் ஆண்டில் எழுந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுற்றுவட்டாரம் முழுமைக்கும் தொலைக்காட்சியையும் வானொலியையும் அது வழங்கிவந்தது. 2021 ஆகஸ்டு 10 அன்று அக்கம்பத்தில் தீப்பற்றியது. டீஸ் ஆற்றங்கரைத் தொழில் நகரங்கள், டார்லிங்டன், வட யார்க்‌ஷயரின் சிற்றூர்கள், டர்ஹாம் மாவட்டத்தின் சில பகுதிகள் என இலட்சக்கணக்கான இல்லங்களில் அன்று படம் அணைந்தது. வீட்டுப் பெட்டிகளில் எப்பழுதும் இல்லை. கூரைமேல் நின்ற அலைவாங்கிகள் அசையவும் இல்லை. தொலைவில், பலர் நேரில் கண்டும் இராத ஒரு கம்பம் எரிந்ததே காரணம்.

படம் தெரியாவிட்டால் பெட்டியைத் தட்டிப் பார்ப்பது மனித இயல்பு. ஆயினும் தரைவழி எண்ணியல் தொலைக்காட்சியில் குறை பெரும்பாலும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். குன்றில் இருக்கலாம், மரத்தில் இருக்கலாம், அன்றைய காற்றழுத்தத்தில் இருக்கலாம், பக்கத்துத் தெருவில் எழுந்த கைபேசிக் கோபுரத்திலும் இருக்கலாம். அக்குறையை அறிய வேண்டுமாயின், அலை நடந்துவரும் வழியை முதலில் அறிய வேண்டும்.

உயரம் எனும் செல்வம்

பிரித்தானியாவில் இன்று தரைவழித் தொலைக்காட்சிக்கென ஒதுக்கப்பட்ட அலைவெண்கள் 470 முதல் 694 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ளவை. அவற்றின் அலைநீளம் 64 செ.மீ. முதல் 43 செ.மீ. வரை, நம் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை முழம் முதல் ஒரு முழம். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மத்திய அலை வானொலி, குன்றுகளைத் தழுவி வளைந்து செல்ல வல்லது. முழ அளவே உள்ள இச்சிற்றலைகளுக்கு அவ்வாற்றல் குறைவு. இவை ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்லும்; குன்றின் பின்னே நிழலை விட்டுச் செல்லும். அந்நிழலில் அமைந்த வீடு கம்பத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் பயனில்லை.

ஆகவே ஒளிபரப்புக்கு உயரமே முதற்பெருஞ்செல்வம். சமநிலத்தில் நிற்கும் கம்பத்திலிருந்து அலை எட்டும் தொலைவு, கம்ப உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால் அலை சற்றே தரைநோக்கி வளைகிறது. எனவே கண்ணுக்கு எட்டும் தொடுவானத்தைவிட அலைக்கு எட்டும் தொடுவானம் சிறிது அப்பால் அமைகிறது. இக்கணக்கின்படி 314 மீட்டர்க் கம்பத்தின் தொடுவானம் ஏறத்தாழ 73 கிலோமீட்டர்.

தீயில் சிதைந்த பில்ஸ்டேல் கம்பம் 2021 அக்டோபர் 6 அன்று வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. அதே மேட்டில் 80 மீட்டர் உயரமுள்ள தற்காலிகக் கம்பம் நிறுவப்பட்டு, அதே மாதத்தில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நிலம் இயற்கைப் பாதுகாப்புக்கு உட்பட்டது. அதன் வழியாகப் பொறிகளைக் கொண்டுசெல்லும் உரிமை நீதிமன்றம்வரை சென்று தீர வேண்டியிருந்தது. 80 மீட்டர் என்பது பழைய உயரத்தில் நான்கில் ஒரு பங்கு. வர்க்கமூலக் கணக்கில் அதன் சமநிலத் தொடுவானம் 37 கிலோமீட்டர், பழையதில் சரிபாதி. மேட்டின் சொந்த உயரம் துணைநின்றதால் இழப்பு அவ்வளவு பெரிதாகவில்லை. பெரும்பாலான வீடுகளுக்குப் படம் திரும்பியது. ஆயினும் பள்ளத்தாக்குகளிலும் குன்றின் மறுபுறத்திலும் இருந்தோர் தொடர்ந்து இருளில் இருந்தனர். பலர் தம் அலைவாங்கியை வேறொரு நிலையத்தை நோக்கித் திருப்ப நேர்ந்தது. முதியோர்க்கும் நலம் குன்றியோர்க்கும் உதவும் பொருட்டுத் தனித்திட்டமே வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரப் புதுக்கம்பம் 2023ஆம் ஆண்டில்தான் பணிக்கு வந்தது.

பள்ளத்தாக்குக்கு ஓர் அஞ்சல்

எத்துணை உயரமான கம்பமும் ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்க்க இயலாது. அதற்காகவே அஞ்சல் நிலையங்கள் அமைந்தன. முதன்மை நிலையத்தின் அலையை ஒரு குன்றுச்சியில் ஏற்று, வேறு அலைவெண்ணில் பள்ளத்துக்குள் மீண்டும் பரப்புவது அவற்றின் பணி. பிரித்தானியாவில் முதன்மை நிலையங்கள் 80 அளவில் இருக்க, அஞ்சல் நிலையங்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. முதன்மை நிலையங்களின் அலை பெரும்பாலும் கிடைத்தளத்தில் அதிர்வது. அஞ்சல் நிலையங்களின் அலை பெரும்பாலும் நிலைக்குத்துத் தளத்தில் அதிர்வது. ஒன்றோடொன்று கலவாமல் காக்கவே இவ்வேற்பாடு. ஆகவே அஞ்சல் நிலையத்தை நோக்கிய அலைவாங்கியின் குறுக்குக் கம்பிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். முதன்மை நிலையத்தை நோக்கியதன் கம்பிகள் படுத்திருக்க வேண்டும். திசை சரியாக இருந்தும் இக்கிடக்கை மாறிப்போனால், வரும் அலையின் பெரும்பகுதி வீணாகும். ஒரு தெருவில் நடந்து சென்று கூரைகளை நோக்கினாலே அத்தெரு எந்நிலையத்தை நம்பி வாழ்கிறது என்று சொல்லிவிடலாம்.

இவ்வமைப்பில் ஒரு நேர்மைக் குறையும் உண்டு. பல வரிசைகளை ஒரே அலைவெண்ணில் சேர்த்து அனுப்பும் தொகுப்பே நிகழ்ச்சிக் கட்டு. சிறிய அஞ்சல் நிலையங்கள் பலவும் பொதுச்சேவைக் கட்டுகள் மூன்றை மட்டுமே பரப்புகின்றன. வணிக நிறுவனங்களின் கட்டுகள் அங்கே செல்வதில்லை. மேட்டில் வாழ்வோர்க்குக் கிடைக்கும் வரிசைகளில் பல, பள்ளத்தில் வாழ்வோர்க்குக் கிட்டா. தொலைக்காட்சி உரிமக் கட்டணமோ இருவர்க்கும் ஒன்றே. நிலத்தின் மேடுபள்ளம் இயற்கையின் செயல். அதனைக் குடிமக்களின் மேடுபள்ளமாக நிலைக்க விடுவது மனிதரின் செயல்.

முன்னறிவிப்பில்லாத விளிம்பு

பழைய ஒப்புமை முறைத் தொலைக்காட்சி தன் நலிவை மறைத்ததில்லை. அலை வலுவிழந்தால் திரையில் வெண்புள்ளிகள் தூவின. குன்றில் பட்டுத் திரும்பிய அலை படத்தின் அருகே நிழற்படமாய் நின்றது. நோய் முற்றுமுன் அறிகுறி தெரிந்தது. எண்ணியல் முறையோ கடைசிக் கணம்வரை தெளிந்த படத்தைக் காட்டிப் பின் ஒரேயடியாக வீழ்வது.

இதன் காரணம் அதன் கட்டமைப்பில் உள்ளது. பிரித்தானியாவின் இயல்தரத் தொலைக்காட்சியில் 8 மெகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசைக்குள் 6,817 ஊர்தியலைகள் நெருக்கமாக அணிவகுக்கின்றன. தரவுக்குரிய ஒவ்வோர் ஊர்தியும் வீச்சாலும் கட்டத்தாலும் வேறுபட்ட 64 நிலைகளுள் ஒன்றை ஏற்று, ஒரு தடவைக்கு ஆறு இருமங்களை (பிட்டுகளை) சுமக்கிறது. வழியில் சேரும் இரைச்சல் அந்நிலையைச் சற்றே நகர்த்தினால் குற்றமில்லை. பெட்டி மிக அண்மையிலுள்ள நிலையைத் தேர்ந்து கொள்ளும். பக்கத்து நிலையின் எல்லைக்குள் தள்ளிவிட்டால் பிழை பிறக்கிறது. அப்பிழையைத் திருத்தவும் வழி உண்டு. 188 எண்ணெட்டுகள் (பைட்டுகள்) கொண்ட ஒவ்வொரு பொதியுடனும் 16 எண்ணெட்டுகள் காவலாக அனுப்பப்படுகின்றன. அவற்றைக் கொண்டு எட்டு எண்ணெட்டுகள்வரை பிழை நேர்ந்தாலும் மூலத்தை மீட்கலாம். ஒன்பதாவது பிழை வந்தால் பொதியே பாழ். படம் சதுரம் சதுரமாய் உடைகிறது, உறைகிறது, ஒலி அறுபடுகிறது.

நலத்துக்கும் வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட எல்லை ஏறத்தாழ ஒரு டெசிபெல் அளவே. ஆகவே ஒரு வீட்டில் படம் தெளிவாக இருப்பது அவ்வீட்டின் அலை வலுவாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. விளிம்பிலிருந்து பதினைந்து டெசிபெல் தள்ளி நிற்கும் வீட்டிலும் ஒரே ஒரு டெசிபெல் தள்ளி நிற்கும் வீட்டிலும் படம் ஒன்றுபோலவே தெரியும். இந்த இடைத்தொலைவையே நாம் இருப்பு எனலாம். கையிருப்பு இல்லாத குடும்பம் சிறு செலவிலும் நிலைகுலைவது போல, இருப்பில்லாத வீட்டின் படம் சிறு மாற்றத்திலும் அழிகிறது. குளிர்காலத்தில் நன்றாக இருந்த படம் இளவேனிலில் மரங்கள் தழைத்ததும் கெடுவது இதனால்தான். மழைநீர் ஏந்திய இலைத்திரள் அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கிறது. மரம் சிறிதே எடுத்துக்கொண்டது. வீட்டில் அதுவும் மிச்சமாய் இல்லை.

எதிரலைகளை இம்முறை நன்றாகவே தாங்கும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னே விடப்படும் காப்பு இடைவெளி 28 மைக்ரோ நொடி. அந்நேரத்தில் அலை 8.4 கிலோமீட்டர் செல்லும். அதற்குட்பட்ட சுற்றுவழியில் வந்துசேரும் எதிரலை பொதுவாகத் தீங்கு செய்யாது. அதைவிட நெடுந்தொலைவு சுற்றிவரும் வலிய எதிரலையே இடராகிறது.

காற்று விளைக்கும் மயக்கம்

வானம் தெளிந்து, காற்று அசைவின்றி, உயரழுத்தம் நிலைகொண்ட நாள்களில் படம் உடைவது பலரையும் திகைக்க வைக்கும். அந்நாள்களில் தரையையோ கடலையோ ஒட்டிய காற்று குளிர்ந்திருக்க, அதன்மேல் வெதுவெதுப்பான காற்றடுக்கு படிந்துவிடும். அலை இவ்விரண்டுக்கும் இடையே கால்வாயில் நீர் ஓடுவதுபோல் சிறைப்பட்டு, தொடுவானம் கடந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். அதே அலைவெண்ணில் பரப்பும் தொலைநிலையம் ஒன்றின் அலை அவ்வழியே வந்து நம் நிலையத்தின் அலைமேல் ஏறும்.

தமிழ்நாட்டின் தென்கடலோர மக்கள் இவ்வியல்பின் இனிய முகத்தைக் கண்டவர்கள். 1980களில் இலங்கையின் ரூபவாகினி நிகழ்ச்சிகளை அவர்கள் உயர்ந்த அலைவாங்கிகள் நாட்டிக் கண்டு மகிழ்ந்தனர். கடலின் சமதளமும் காற்றின் அடுக்கும் அன்று அவர்களுக்குத் துணையாயின. இங்கிலாந்தின் தென்கரைக்கு அதே கடல்வழி இடையூறாகிறது. பிரான்சின் அலைகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வருகின்றன. அதனால் வைட் தீவின் ரௌரிட்ஜ் நிலையம் கிடைத்தளத்தோடு நிலைக்குத்துத் தளத்திலும் பரப்புகிறது. அலைவாங்கியை நிமிர்த்திக்கொள்ளும் வீடு அயலலையிலிருந்து பெருமளவு தப்புகிறது.

இத்தகைய நாளில் பெட்டியை மறுதேடல் செய்வது பெரும்பிழை. கிடைக்காத வரிசைகளைப் பெட்டி நினைவிலிருந்து நீக்கிவிடும். தொலைநிலையத்தின் வரிசைகளை ஏற்றுக்கொள்ளும். காற்று மாறிய பின்னும் குறை நீடிக்கும். பொறுத்திருப்பதே அன்றைய மருந்து.

மனிதர் விளைக்கும் இடர்

முன்பு தொலைக்காட்சிக்கு உரியதாயிருந்த மேல் அலைவெண்கள் படிப்படியாகக் கைபேசிக்கு மாறின. பிரித்தானியாவில் 800 மெகா ஹெர்ட்ஸ் பட்டையில் 2013ஆம் ஆண்டில் கைபேசிச் சேவை பரவியது. 700 மெகா ஹெர்ட்ஸ் பட்டை 2020இல் காலியாக்கப்பட்டது. இதனால் நிலையங்கள் பலவற்றின் அலைவெண்கள் இடம்பெயர்ந்தன. கூரைகளிலோ பழைய அலைவாங்கிகள் நின்றன. பிரித்தானியாவில் அலைவாங்கிகள் குறிப்பிட்ட அலைவரிசைத் தொகுதிக்கென வடிக்கப்படுவது வழக்கம். முனையிலுள்ள மூடியின் நிறமே தொகுதியைச் சொல்லும். சிவப்பு கீழ்த்தொகுதிக்கு, மஞ்சள் இடைத்தொகுதிக்கு, பச்சை மேல்தொகுதிக்கு. பச்சை மூடி கொண்ட அலைவாங்கி ஏற்ற அலைவெண்களில் பெரும்பகுதி இன்று தொலைக்காட்சிக்கு இல்லை.

மற்றோர் இடர், பெருக்கியின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை. பெருக்கி குறிகையைப் பெருக்குவதோடு இரைச்சலையும் பெருக்கும். தன் இரைச்சலையும் சேர்க்கும். நீண்ட வடத்தில் நலிந்து வந்த அலையைப் பெட்டியருகே பெருக்குவதால் இழந்தது மீளாது. அலைவாங்கியின் அருகிலேயே பெருக்கினால்தான் பயனுண்டு. நிலையத்துக்கோ கைபேசிக் கோபுரத்துக்கோ அண்மையில் உள்ள வீட்டில் பெருக்கி அளவுமீறிய அலையால் திணறித் தானே பிழைகளை விளைக்கும். அங்கே பெருக்கியை நீக்குவதோ, கைபேசி அலையைத் தடுக்கும் வடிப்பானைப் பொருத்துவதோதான் தீர்வு.

ஆராய்ந்து தீர்க்கும் முறை

படம் கெட்டால் முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கும் கெட்டிருந்தால் குறை நிலையத்திலோ காற்றிலோ உள்ளது. உங்கள் வீட்டில் மட்டும் எனில், வடத்தையும் இணைப்பையும் பாருங்கள்; நீர் புகுந்த வடம் ஓசையின்றி அலையை விழுங்கும். எல்லா வரிசைகளும் கெட்டனவா, ஒரு கட்டில் உள்ளவை மட்டுமா என்று குறித்துக்கொள்ளுங்கள்; ஒரு கட்டு மட்டும் கெட்டால் அந்த அலைவெண்ணுக்குரிய இடையூறே காரணமாகலாம். பெட்டி காட்டும் இரு அளவுகளுள் வலுவைவிடத் தரத்தையே நம்புங்கள். நாள், நேரம், வானிலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒருவரின் முறையீடு ஐயமாகத் தோன்றும்; ஒரு தெருவின் குறிப்பேடு சான்றாக நிற்கும்.

ஒளிபரப்பைத் திட்டமிடுவோர்க்கும் ஒரு சொல் உண்டு. கட்டணத் தொலைக்காட்சியும் விரைவு இணையமும் எட்டாத முதியவர்க்கும் எளியவர்க்கும் தரைவழி அலையே செய்தி. அதுவே வெள்ள எச்சரிக்கை. அதுவே தனிமையில் துணை. அவர்களுக்கு வேண்டியது விளிம்பில் நிற்கும் படம் அன்று, கோடையிலும் மழையிலும் குலையாத இருப்பு. ஒரு நிலையத்தின் தரத்தை அதன் கம்பத்தடியில் அளக்கலாகாது; பள்ளத்தாக்கின் கடைசி வீட்டுக் கூரையில் அளக்க வேண்டும்.