ஏட்டிலும் நாடாவிலும் ஆடிய கிரிக்கெட்

கிரிக்கெட் ஆட்டத்தைக் கண்ணாற் கண்டு சுவைத்தவர்களிலும் காதாற் கேட்டும் கணக்காற் கூட்டியும் சுவைத்தவர்களே நம்மவருள் அதிகம். கரவெட்டியிலிருந்து கொழும்பு மைதானங்கள் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் தூரம். லோர்ட்ஸ் மைதானமோ கடல் கடந்தது. எனினும் பூவரசங் கதியாலை விக்கெட்டாக ஊன்றி, தென்னம் மட்டையைத் துடுப்பாகச் செதுக்கிய சிறுவனுக்கு அவ்விரு மைதானங்களின் ஓட்டக் கணக்கும் மனப்பாடம். ஆட்டம் தூரத்தில் நிகழ, அதன் எண்கள் மட்டும் வீடு தேடி வந்தன. எண்களை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மீண்டும் படைத்துக்கொள்ளும் இந்தக் கலையில், இங்கிலாந்திலே தோன்றிய ஒரு மின்னணுப் பொருளும் கரவெட்டிச் சிறுவனும் உறவினர் என்பதே ஈண்டு சொல்லவந்தது.

1982ஆம் ஆண்டைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அவ்வாண்டு பெப்ரவரியில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிற்று. அதே மாதம் 17ஆம் திகதி, தமிழர் ஒருவரின் பெயர் தாங்கிய கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராக ஆடிற்று. இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது. அந்த இங்கிலாந்து அணியில் கிரகாம் கூச் என்னும் துடுப்பாட்டக்காரரும் இருந்தார். இரண்டு மாதங்கள் கழித்து, ஏப்ரலில், கேம்பிரிட்ஜ் நகரின் சின்கிளேயர் நிறுவனம் 'ஸ்பெக்ட்ரம்' என்னும் சிறு கணினியை விற்பனைக்கு விட்டது. கூச்சோ கொழும்பு ஆட்டம் முடிந்த கையோடு, நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவுக்குச் சென்ற கலக அணிக்குத் தலைமை தாங்கி, மூன்றாண்டுத் தடை பெற்றார். தடை நீங்கி அவர் மீண்ட 1985ஆம் ஆண்டிலேயே, ஓடியோஜெனிக் நிறுவனம் அவர் பெயரைச் சூட்டி ஒரு கணினி கிரிக்கெட்டை வெளியிட்டது. வணிகரின் மூக்குக் கூரியது. அதே ஆண்டில் இயன் பொத்தமின் பெயரிலும் இன்னொன்று வெளிவந்தது.

அக்காலத்து வீட்டுக் கணினி எத்தகையது என்பதை இன்றைய இளையோர்க்குச் சொல்லத்தான் வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் பெரிய வகைக்கு நினைவகம் 48 கிலோபைற்று. இக்கட்டுரையை இன்றைய கணினி எழுத்துமுறையிற் பதிந்தால் அதில் ஏறக்குறையப் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் ஒலிநாடாவில் வரும். அதனை ஒலிப்பதிவுக் கருவியிலிட்டுச் சுழலவிட்டால், சிற்றலை வானொலியில் நிலையம் தேடும்போது எழும் கீச்சொலி போன்றதோர் இரைச்சல் சில நிமிடங்கள் கேட்கும். அந்த இரைச்சல்தான் ஆட்டம்! திரை, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி. அதில் அகலத்துக்கு 256 புள்ளிகள், உயரத்துக்கு 192. எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் இரண்டு நிறங்களுக்கு மேல் இடமில்லை. பச்சைத் தரையில் வெள்ளுடை வீரன் நிற்கும் கட்டத்துள் சிவந்த பந்து புகுந்தால் என் செய்வது? மூன்றாம் நிறம் அங்கே செல்லாது. பந்து தன் நிறத்தை இழக்க வேண்டும், அல்லது வீரன் சிவக்க வேண்டும். கிரிக்கெட்டின் காட்சியழகு இக்கருவியிற் பிழைக்கவில்லை என்பது வெளிப்படை.

பிழைத்தது கணக்கு. கூச்சின் பெயர் தாங்கிய ஆட்டத்தில் இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஆடுபவரே கைவிசையால் பந்தடிப்பதும் வீசுவதும். மற்றொன்று, வீரர்களின் திறனைக் கொண்டு கணினியே ஒவ்வொரு பந்தின் முடிவையும் தீர்மானிப்பது. இரண்டாம் வழியை ஏளனம் செய்தோர் உண்டு. கை கட்டிப் பார்த்திருப்பதும் விளையாட்டாகுமோ என்பது அவர் வாதம். எனக்கு அந்த வழியே மேலானதாகப் படுகிறது. நாள் முழுதும் மைதானத்தோரம் அமர்ந்திருப்பவனும் கை கட்டித்தானே இருக்கிறான்? ஓட்டப்பட்டியல் கண்முன்னே ஒவ்வொரு வரியாக வளர்வதைக் காண்பதில் ஒரு பரபரப்புண்டு. வானொலி கேட்டு வளர்ந்தவர் அதனை அறிவர்.

அடுத்த பந்தில் யாது நிகழும் என்பதைக் கணினி எங்ஙனம் அறியும்? ஸ்பெக்ட்ரத்தில் இதற்கென ஒரு கணக்கு உள்ளே பொதியப்பட்டிருந்தது. ஓர் எண்ணை 75ஆற் பெருக்கி, 65537ஆல் வகுத்து, மிச்சத்தைக் கொள்வது. அம்மிச்சத்தை மறுபடியும் 75ஆற் பெருக்குவது. தாறுமாறாகத் தோன்றும் இவ்வெண் வரிசை உண்மையில் வகுக்கப்பட்ட பாதையே. தொடங்கும் எண் ஒன்றாயின் தொடரும் ஆட்டமும் ஒன்றே. ஆகவே கணினியை இயக்கிய பின் கழிந்த நேரத்தைத் தொடக்க எண்ணாகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. சிறுவன் விசையைத் தட்டச் சிறிது தயங்கினால் ஆட்டத்தின் விதியே மாறிவிடும்.

இனிக் கரவெட்டிக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்க் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. செய்தித்தாளே கொப்பித் தாளில் அச்சேறிய காலம் அது. கணினிக்கும் நாடாவுக்கும் அங்கு ஏது வழி? ஜாம் போத்தலுக்குள் எரிந்த சிறு மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், நெல்லியடிச் சந்தி இருளில் மூழ்கிய பின், பாடப் புத்தகத்தை விரித்து ஆடும் கிரிக்கெட் எஞ்சியது. இவ்வாட்டம் இந்திய உபகண்டம் முழுவதும் அறிந்ததே எனினும், வேறு விளையாட்டு வாய்க்காத இடத்தில் அதன் மதிப்பு வேறு.

விதி எளிது. புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்க, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கமே அப்பந்தின் பயன். 2, 4, 6 ஓட்டங்கள். பூச்சியம் ஆட்டமிழப்பு. எட்டு வந்தால் ஓட்டமில்லை. இதில் ஊருக்கு ஊர் பேதமுண்டு. இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண்ணாதலால் ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து ஒவ்வொரு பந்திலும் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் சராசரியாக ஒரு விக்கெட்டுக்குப் பன்னிரண்டு ஓட்டம், ஓர் அணிக்கு நூற்றிருபது. ஒருவர் சதமடிப்பது ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு முறைக்கு ஒருமுறை. 1990இல் இந்தியாவுக்கு எதிராக லோர்ட்ஸில் கூச் குவித்த 333 ஓட்டங்களைப் புத்தகத்தில் எக்காலத்தும் எடுக்க இயலாது. அது ஒற்றை எண்ணன்றோ!

கணினிக்கும் புத்தகத்துக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இங்கேதான். கணினிக்கு முதலாம் வீரனும் பதினோராம் வீரனும் வேறு வேறு. புத்தகத்துக்கு அரவிந்த டி சில்வாவும் ஒன்று, மட்டை பிடிக்கத் தெரியாத பந்துவீச்சாளனும் ஒன்று. குறை என்பர் சிலர். ஆனால் புத்தகத்துக்கும் ஒரு ஞாபகம் உண்டு. அடிக்கடி விரித்த இடத்தில் அதன் முதுகு உடைந்து, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும். கைதேர்ந்தவன் தன் அபிமான வீரனுக்கு நான்கில் முடியும் பக்கம் வருமாறு விரல் நுனியால் உதவி செய்வான். எதிரி அதைக் கண்டுபிடித்தால் புத்தகத்தை மாற்றச் சொல்லிச் சண்டை மூளும். திறனுக்கு எண் கொடுக்க இங்கிலாந்தில் நிரல் எழுதினார்கள். இங்கே முதுகுடைந்த இரசாயனப் புத்தகம் அதைச் செய்தது.

அணியைத் தெரிவதும் புத்தகத்தில் எளிது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது வடக்கு இருந்த நிலை யாவரும் அறிந்தது. முந்திய ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து, தென்மராட்சியும் வடமராட்சியும் அகதிகளால் நிரம்பியிருந்தன. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவால் வானொலிக்கு உயிரூட்டிச் செய்தி கேட்ட காலம். அரவிந்தவின் ஆட்டமிழக்காத 107ஐயும் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சையும் போற்றாத கிரிக்கெட் அன்பன் இல்லை. ஆயினும் அந்த அணியின் கொடியும் ஊரின் மேல் பறந்த குண்டுவீச்சு விமானத்தின் கொடியும் ஒன்றாயிருக்க, வெற்றியை எம்முகத்தோடு வரவேற்பது? பெரியோர் இதற்கு விடை காணாது மயங்கினர். கொப்பியில் அணி எழுதும் சிறுவனுக்கு அம்மயக்கமில்லை. அவன் முரளிதரனையும் லாராவையும் டெண்டுல்கரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி, தன் பெயரை நான்காவதாக எழுதிக்கொண்டான்.

ஒலிநாடாக்களின் காந்தப் பூச்சு காலத்தால் அழியக்கூடியது. ஆயினும் ஆர்வலர் பலர் அவற்றைப் பிரதி செய்து வைத்திருப்பதால், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளின் துணையுடன் 1985ஆம் ஆண்டு ஆட்டத்தை இன்றும் ஆடலாம். கரவெட்டியிலும் ஆடலாம், மின்சாரம் வந்துவிட்டது. புத்தகக் கிரிக்கெட்டின் ஓட்டப்பட்டியல்களைப் பிரதி செய்தவர் எவர்? இடம்பெயர்ந்தவர் மூட்டையில் பிறப்புச் சான்றுக்கும் உறுதிக்கும் இடமிருந்தது, கணிதக் கொப்பிக்கு இருக்கவில்லை. எவர் வீட்டுப் பரணிலாவது அத்தகைய கொப்பி ஒன்று, பின் தாள்களில் பென்சிலாற் கீறிய ஓட்டக் கணக்கோடு, கிடக்குமாயின் அதனை அடுப்புக்கு அனுப்பாதிருக்க வேண்டுகிறேன்.